படகில்லாத போட் மெயில்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியிருக்கும் சகோதரிகளுக்கு ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி யாரும் உபந்யாசம் செய்யத் தேவையில்லை. காலையில் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு, மின்சார ரயில் போய்விடுமோ என்ற பதைப்பில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தினமும் ஓடுகிறீர்களே, அந்தப் பாதை சாமான்யமானதல்ல. 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புகை விட்டுக்கொண்டு போனது நம் வாசல் வழியாகத்தான். அன்று முதல் இன்று வரை இந்தப் பக்கத்தில் கூட்டம் கூடியிருக்கிறதே தவிரக் குறைந்ததில்லை. ஆகையால் ஸ்டேஷன் என்றால் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும் ஒரு வஸ்து என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

ஒரே இரவில் மூடிப்போன ஸ்டேஷன் ஒன்று உண்டு. அதன் பெயரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அது மூடிப்போன கதையும் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது ஏன் திறக்கப்பட்டது என்பதும், ஏன் மறுபடி திறக்கப்படவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எழும்பூரிலிருந்து ராமேசுவரத்துக்குப் போகும் ரயில் ஒன்றை வயதானவர்கள் இன்றும் 'போட் மெயில்' என்கிறார்கள். "போட் எங்கே, பாட்டி?" என்று பேத்தி கேட்டால் பாட்டி என்ன சொல்வாள்? படகு தனுஷ்கோடியில் காத்திருந்தது, கண்ணே. ரயிலுக்குத்தான் இப்போது அங்கே போக வழியில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடி எங்கே இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராமேசுவரம் ஒரு தீவு. அந்தத் தீவின் தென்கிழக்கு மூலை மெலிந்து நீண்டு, ஒரு மணல் நாக்கைப் போல இலங்கையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் மன்னார் வளைகுடா. சாஸ்திரம் தெரிந்தவர்கள் மகோததி என்றும் ரத்னாகரம் என்றும் சொல்வார்கள். அந்த ஊர் மீனவர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை. அமைதியான கடலைப் பெண் கடல் என்றும், சீறுகிற கடலை ஆண் கடல் என்றும் சொல்லிவிடுகிறார்கள். (பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் குடும்பம் நடத்தி அனுபவப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்!) இரண்டும் சேரும் இடத்தில் சேது ஸ்நானம் செய்து, மணல் எடுத்துக்கொண்டு காசிக்குப் போவது நம் பெரியோர்களின் வழக்கம்.

ஆனால் அங்கே ரயில் போனது ஸ்நானத்துக்காக அல்ல. கொழும்புக்காக.

அதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே ஸ்டீமர் ஏறுவார்கள். ராத்திரி முழுவதும் கடல். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றாரே, அது இந்தத் தடத்தில்தான். தடம் லாபமானதுதான், ஏறினவர்களின் வயிறுதான் பாடுபட்டது. தலை சுற்றல், வாந்தி என்று கையில் எலுமிச்சம்பழத்தோடு கிடக்க வேண்டிய பிரயாணம்.

இலங்கை வரைக்கும் கடலில் பாதையே போட்டு ரயிலை ஓட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். செலவு ஆளை அடித்துவிடும் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். இந்தப் பக்கம் கடைசி முனை வரை ரயில். அந்தப் பக்கமும் கடைசி முனை வரை ரயில். நடுவில் இருக்கும் சுமார் 20 மைல் கடலுக்கு மட்டும் ஸ்டீமர். இப்படித்தான் தனுஷ்கோடியும் தலைமன்னாரும் அக்கா தங்கை மாதிரி எதிரெதிரே இரண்டு துறைமுக ஸ்டேஷன்களாயின.

குறுக்கே நின்றது பாம்பன் கால்வாய். அதன்மேல் 145 கண்கள் வைத்து, ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் பாலம் கட்டினார்கள். நடுவில் கப்பல் போவதற்காக, இரண்டு கதவுகளைத் திறப்பது போல மேலே தூக்கித் திறக்கும் தூக்குப் பாலம். ஷெர்ஸர் என்ற அமெரிக்கரின் திட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், அதைத் தூக்குவதற்கு எந்த யந்திர சக்தியும் கிடையாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று, செக்கைச் சுற்றுவது போலக் கைகளால் சுற்றித் திறப்பார்கள். 1914 பிப்ரவரியில் பாலம் திறப்பு விழா நடந்தது. மார்ச் முதல் தேதி முதல் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று.

ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். பாம்பனிலிருந்து நேராக ஓடிய பிரதான பாதை தனுஷ்கோடிக்குத்தான். ராமேசுவரம் வெறும் கிளைப் பாதை! சாக்ஷாத் ராமநாத சுவாமியே குடிகொண்டிருக்கும் ஊரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மணல் மேட்டுக்கு மெயில் ரயில் விட்டது தென்னிந்திய ரயில்வே. கணக்குப் பிள்ளைக்குக் கப்பல்தான் தெய்வம்.

எழும்பூரில் சாயங்காலம் ஏறினால் மறு நாள் பிற்பகல் தனுஷ்கோடி. ஒரே டிக்கட்டை எழும்பூரிலேயே கொழும்பு வரை வாங்கிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். சுங்கச் சோதனை, வைத்தியச் சோதனை எல்லாம் முடித்துக்கொண்டு ஸ்டீமர் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். ராத்திரி அதில் தூங்கிவிட்டுக் கண் விழித்தால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். ஸ்டீமர்களுக்கு ராஜப் பிரதிநிதிகளின் பெயர்களாகவே வைத்திருந்தார்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னால் வந்தவை இர்வின், கோஷன்.

இந்த வண்டியில் யார்தான் போகவில்லை! நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். நாடகக் கம்பெனிகள் போயின. சென்னைப் பத்திரிகைகளுக்காக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ குடும்பங்கள் வாரா வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கலாம் அவர்களின் 'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிவார்கள். அவற்றைச் சேகரிப்பதில் ஒத்தாசை செய்து, தமது முதல் கூலியைச் சம்பாதித்த சிறுவன்தான் பிற்காலத்தில் ராஷ்டிரபதி ஆனார். தனுஷ்கோடிப் பாதை கொடுத்த கூலி!

எல்லாரையும்விட அதிகமாகப் போனவர்களைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவர்கள் முதல் வகுப்பில் போனவர்கள் அல்ல. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து, கைப்பிள்ளையும் தகர டப்பாவுமாகக் கிளம்பித் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள். முன் தலைமுறையில் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ரயிலும் ஸ்டீமரும் வந்து அந்த நடையைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் மண்டபத்தில் இலங்கை சர்க்கார் ஒரு முகாம் வைத்து, அவர்களை மட்டும் இறக்கி, அம்மை குத்தி, நாள் கணக்கில் தடுத்து வைத்து, நோயில்லை என்று நிச்சயித்த பிறகே அனுப்பியது. 'மண்டபம் முகாம்' என்ற ஸ்டேஷன் பெயர் அன்று முதல் நிலைத்துவிட்டது. நாம் இன்று ஒரு குவளைத் தேநீரைக் கையில் எடுக்கும்போது அதில் எத்தனை பெண்களின் விரல் நுனி இருக்கிறது என்று யார் யோசிக்கிறோம்? கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருஷத்தில் வந்த பிரஜா உரிமைச் சட்டம், அந்தத் தோட்டத் தமிழர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. அதன் பிறகு போக்குவரத்துக்குப் பாஸ்போர்ட், விசா என்று வேலிகள் ஒவ்வொன்றாக எழும்பின. முன்போல, மூட்டையைக் கட்டிக்கொண்டு, "கொழும்பிலிருக்கும் மாமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று ஏறிவிட முடியவில்லை. 1964 அக்டோபர் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 லட்சம் பேருக்கு இலங்கை பிரஜா உரிமை கொடுப்பது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. ஆட்டு மந்தையைப் பங்கு பிரிப்பது போல இருக்கிறதல்லவா? அப்படித்தான் இருந்தது.

அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தமானுக்குத் தெற்கே டிசம்பர் நடுவில் ஒரு காற்றழுத்தம் உருவாயிற்று. அது வலுத்துப் புயலாகி, 22-ந் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கமாகக் குறுக்கே புகுந்து, அன்று இரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. மணிக்கு 280 கிலோ மீட்டர் வரை காற்று வீசியிருக்கும் என்பது மதிப்பீடு. அலைகள் ஏழு மீட்டருக்கு எழும்பின. அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரம். ஊரோ மணல் நாக்கு. இரண்டு பக்கமும் தண்ணீர். எங்கே ஓடுவது?

அன்று இரவு 11.55-க்கு, 653-ம் நம்பர் பாஸஞ்சர் ரயில் பாம்பனை விட்டுக் கிளம்பியது. ஆறு பெட்டிகள். டிக்கட் கணக்குப்படி 110 பிரயாணிகள்; ரயில்வே சிப்பந்திகள் 5 பேர். பிரயாணிகளில் மாணவர்களும் இருந்தார்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜ தூரத்தில், ஸ்டேஷன் கண்ணுக்கு எட்டும் இடத்தில், ஓர் அலை எழும்பி மொத்த ரயிலையும் மூடிவிட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டிக்கட் வாங்காமல் ஏறினவர்களையும் சேர்த்தால் இருநூறு பேர் இருக்கலாம் என்கிறார்கள்.

கைகாட்டி விளக்கு அணைந்திருந்தது, டிரைவர் வண்டியை நிறுத்தினார், நீண்ட நேரம் ஊதினார், பதில் வராததால் துணிந்து மெதுவாக வண்டியை நகர்த்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பல இடங்களில் நானும் படித்தேன். டிரைவரும் இல்லை, கார்டும் இல்லை, பிரயாணிகளில் ஒருவரும் இல்லை. பின்னே இதைப் பார்த்துச் சொன்னவர் யார்? எனக்கென்னவோ, அந்தக் கடைசி நிமிஷத்தை வெறுமையாக விட மனமில்லாத யாரோ இட்டு நிரப்பியதாகவே படுகிறது. தந்திக் கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்தபடியால், ரயில் போன செய்தி வெளியே தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. எழும்பூரில் மனிதர்கள் வழக்கம்போல டிக்கட் வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலுமாக அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1800 பேர். ராமேசுவரத்தில் கோயில் பிராகாரம் பலருக்கு அடைக்கலம் கொடுத்தது. அன்று ராமேசுவரத்தில் தங்கியிருந்தவர்களில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இருந்தார்கள் என்பது சினிமா ரசிகைகளுக்குத் தெரிந்த சங்கதி. தனுஷ்கோடிக்குப் போகும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் தப்பியது. தனுஷ்கோடியில் ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், சத்திரம் எல்லாம் போயின.

பாம்பன் பாலத்தின் கதியையும் பாருங்கள். 145 கண்களில் 126 கண்களின் கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. வேடிக்கை, நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் அசையவில்லை. தீவுக்கு வேறு தரை வழியே கிடையாது. சாலைப் பாலம் வந்தது 1988-ல்தான். ஆகையால் ஆறு மாதத்தில் முடிப்பதாக முதலில் திட்டம் போட்டார்கள். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இளம் இஞ்சினீயர் ஒருவரிடம் வந்தது. புதிதாகக் கர்டர் செய்துகொண்டிருந்தால் காலம் போய்விடும். கடலுக்கு அடியில் கிடக்கும் கர்டர்களை மீனவர்கள் அடையாளம் காட்ட, அவற்றையே தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தினார் அவர். 46 நாளில் பாலத்தின்மேல் ரயில் ஓடியது! அந்த இஞ்சினீயர் ஈ. ஸ்ரீதரன். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் போட்டாரே, அவரேதான்.

இங்கேதான் நான் உங்களை ஒரு நிமிஷம் நிறுத்தப் போகிறேன். கடலில் முழுகிய பாலத்தை 46 நாளில் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, மணலில் கிடந்த பத்துப் பன்னிரண்டு மைல் தண்டவாளத்தையும் ஒரு ஸ்டேஷனையும் எழுப்பத் தெரியாதா? தெரியும். எழுப்பவில்லை. தனுஷ்கோடி மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சென்னை சர்க்கார் அறிவித்தது. ரயில் ராமேசுவரத்தோடு நின்றது. கிளைப் பாதை பிரதான பாதையாயிற்று. பிரதான பாதை இல்லாமலே போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து ராமநாத சுவாமி வழக்கில் ஜெயித்தார் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் தீர்மானம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மணல் நாக்கின் ஒரு பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. மறுபடி ஒரு புயல் வராது என்று யார் ஜாமீன் கொடுப்பது? ஆனால் புயல் மட்டுமே காரணம் என்று எழுதுவதும் பாதி உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். மற்ற ஊர்களில் ஊருக்காக ஸ்டேஷன். தனுஷ்கோடியில் ஸ்டேஷனுக்காக ஊர். ஸ்டேஷன் இருந்தது கப்பலுக்காக. கப்பல் இருந்தது இரு நாட்டு மனிதர்களும் தாராளமாகப் போய் வந்ததற்காக. அந்தப் போக்குவரத்து, புயலுக்குப் பதினைந்து வருஷம் முன்பிருந்தே இளைத்துக்கொண்டு வந்தது. ஆயிரக் கணக்கில் ஜனங்கள் மாதா மாதம் இறங்கி ஏறிய துறையாகவே அது இருந்திருந்தால், சர்க்கார் இவ்வளவு சுலபமாக மண்ணைப் போட்டு மூடியிருக்குமா என்பது சந்தேகம்.

ஸ்டீமர் மறுபடி ஓடாமலில்லை. ராமேசுவரத்திலிருந்தே தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' என்ற கப்பல் போய்வந்தது. ஆனால் திசை மாறிவிட்டது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் அதில் வந்து இறங்கினார்கள். தாயகம் என்று பேர்தான். அவர்களில் பலர் அதற்கு முன்பு இந்த மண்ணை மிதித்ததில்லை. பாட்டனுக்கு அம்மை குத்திய அதே மண்டபம் முகாமில் பேரனுக்குப் பெயர்ப் பதிவு நடந்தது. அங்கிருந்து நீலகிரிக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். மலைக் குளிரிலேயே பிறந்து வளர்ந்த பெண்கள், ராமநாதபுரம் வெயிலில், காகிதக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இலங்கையில் கலவரம் முற்றியபின் 1984-ல் அந்தக் கப்பலும் நின்றது.

கப்பல் நின்றதே தவிர, கடலைக் கடப்பது நிற்கவில்லை. 1983-க்குப் பின்பு அகதிகள் இரவோடிரவாகப் படகுகளில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று, தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள அரிச்சல்முனை. 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் பால் மாவுக்கும் பஞ்சம் வந்தபோதும், கைக்குழந்தைகளோடு வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் அங்கேயுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். கரை எது, திட்டு எது என்று இருட்டில் தெரியாது. விடிந்த பிறகுதான் சுற்றிலும் தண்ணீர் என்று தெரியும். ஒரு காலத்தில் ஒரே டிக்கட்டில் தூங்கிக்கொண்டே கடந்த தூரம் அது!

எதிர்க்கரையில் இருக்கும் தங்கை என்ன ஆனாள்? தலைமன்னார் ஸ்டேஷனும் யுத்தத்தில் 1990-ல் மூடிப்போயிற்று. ஆனால் அவள் பிழைத்துக்கொண்டாள். யுத்தம் முடிந்தபின் இந்தியக் கம்பெனி ஒன்றே அந்தப் பாதையைத் திரும்பப் போட்டது. 2015 மார்ச் 14-ந் தேதி, இந்தியப் பிரதமர் மோடியே கொடியசைத்து அங்கே ரயிலைத் துவக்கினார். தலைமன்னார்த் துறை வரை ரயில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொள்ளக் கப்பல்தான் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் ஆரம்பமானபோது, பழைய தடத்துக்கும் ஒரு நாள் விடியும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடும் யோசனை வராமலில்லை. 2019 மார்ச் முதல் தேதி, கொழும்புப் போக்குவரத்து துவங்கிய அதே தேதியில், அடிக்கல்கூட நாட்டினார்கள். பாதை வரவில்லை. அந்த மணலும் சுற்றுப்புறக் கடலும் தாங்குமா என்ற ஆட்சேபணை எழுந்தது, நியாயமான ஆட்சேபணை. பழைய பாம்பன் பாலமும் வயதாகித் துருவேறி, 2022 டிசம்பர் 23-ந் தேதி ரயில் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது. புயல் அடித்துச் சரியாக 58 வருஷம்! பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி, ஸ்ரீராம நவமியன்று திறக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி கதவு போலத் திறக்காமல், லிப்ட் போல நேராக மேலே எழும்புகிறது. செக்குச் சுற்ற ஆள் வேண்டாம்.

தனுஷ்கோடியைப் 'பேய் ஊர்' என்று விளம்பரம் செய்து சுற்றுலாக் கூட்டம் சேர்க்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள். வசிக்கத் தகுதியற்றது என்ற உத்தரவுக்குப் பிறகும், கடலைத் தவிர வேறு பிழைப்பு அறியாத மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். உத்தரவுப்படி ஊரே இல்லையாதலால், விளக்கு, குழாய் முதலியவற்றை அவர்கள் எதிர்பார்க்க முடியாமல் போயிற்று. அந்தப் பெண்கள் குடிதண்ணீர் எடுக்கும் விதம் ஆச்சரியமானது. இரு பக்கமும் உப்புக் கடல். நடுவில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு கலந்துவிடும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் கணக்கு.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல தார்ச் சாலை இருக்கிறது, பஸ் போகிறது. மாதா கோயிலின் சுவர்களும், ஸ்டேஷனில் மிஞ்சியிருக்கும் வளைவுகளும், தண்ணீர்த் தொட்டியும் சாலையிலிருந்தே தெரியும். சுவர்கள் உளுத்துப்போனவை; குழந்தைகளை ஏற விடாதீர்கள். பவழக்கல் துண்டுகளைப் பெயர்த்து எடுத்துவந்து கொலுவில் வைப்பது வேண்டாம். ஆண் கடல் பக்கம் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் கடுமை; நிழலுக்கு மரம் கிடையாது; குடை கொண்டு போவது உத்தமம். வெளியூர்க்காரர்களைச் சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகையால் காலையிலேயே கிளம்புங்கள். முக்கியமாகத் தண்ணீர் நீங்களே கொண்டு போங்கள். குடிசை வாசலில் குடம் நிரம்பி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.